ஒண்டியின் வேர்

"இறங்குங்க மேடம்."

"மாட்டேன்."

"இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கு."

"அப்போ நிறுத்துங்க."

மண் தோண்டும் மெஷினின் இரும்புக் கை நுனியில், பற்கள் வைத்த பக்கெட்டுக்குள், ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கவிட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் கவாத்துக் கத்தரி. மறு கையில் போன். போனை டைரக்டர் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்பது தெரிந்தும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டின் பற்களுக்கும் எதிரே நின்ற ஆரஞ்சு மரத்துக்கும் நடுவே ஓர் ஆள் நுழையத்தான் இடம் இருந்தது.

மெஷின்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல இந்தப் பக்கெட்டுல பாறை ஏறியிருக்கு, பாம்பு ஏறியிருக்கு. ஆபீசர் ஏறினது இதுதான் முதல் தடவை."

"நீங்க திங்கட்கிழமைதானே வரணும்? இன்னிக்கு வெள்ளி."

"மதியத்துக்கு மேல வேற ஒரு தோட்டத்துல வேலை. ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடறேனேன்னு உங்க டைரக்டர்கிட்ட கேட்டேன். சரின்னுட்டார்."

"என்கிட்ட யாரும் கேக்கலையே."

"உங்ககிட்ட கேட்டா பக்கெட்டுல ஏறி உக்காந்துடுவீங்கன்னு அவர்தான் சொன்னார்."

அவள் பல்லைக் கடித்தாள். டைரக்டர் தன் வாழ்நாளில் சரியாகக் கணித்த ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பழ ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'வேர் மேடம்' என்று பெயர். முதுகுக்கு முன்னாலும் அதுதான் என்று ஆகிப் பல காலம் ஆயிற்று. பழத்தைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. அவள் கவலை எல்லாம் மண்ணுக்குக் கீழே. நர்சரியில் வாங்கும் ஒரு ஆரஞ்சுக் கன்றில் இரண்டு செடிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே பழத்துக்காக ஒன்று, கீழே வேருக்காக ஒன்று. கீழே இருப்பது வேர்ச்செடி. வேரழுகல் நோய் வந்தால் முதலில் சாவது அதுதான். அது போனால் மேலே இருப்பது எவ்வளவு இனிப்பாக இருந்து என்ன.

அழுகாத வேர்ச்செடி ஒன்றை உண்டாக்கிக் காட்டுகிறேன் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் கிளம்பினாள். தோட்டத்து ஆரஞ்சையும் முள் மண்டிய காட்டு ஆரஞ்சையும் கலப்புச் செய்தாள். காட்டு ஆரஞ்சின் முரட்டுத்தனம் வேண்டும், அதன் முள் வேண்டாம். முள் இருந்தால் நர்சரிக்காரர்கள் கையால் தொட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் முதல் வருஷமே முள் விட்ட கன்றுகளைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கொளுத்தச் சொல்லிவிட்டு, வழவழப்பானவற்றை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டாள். நோயை வேண்டுமென்றே கலந்த இந்த நிலத்தில் அவற்றை நட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரே ரக ஆரஞ்சை ஒட்டுப்போடச் சொன்னாள். சாகிறவை சாகட்டும், சாகாததைப் பார்ப்போம் என்பதுதான் திட்டம்.

செத்தன. முறை வைத்துக்கொண்டு செத்தன. நிலம் முழுக்க எலும்புக்கூடுகளாக நிற்க, ஒன்றே ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. அதற்கு ஆபீசில் 'ஒண்டி' என்று பெயர் வைத்தார்கள்.

அந்த ஒண்டிக்கு முன்னால்தான் இப்போது பக்கெட்.

போன் அடித்தது. டைரக்டர் என்று பாய்ந்து எடுத்தாள். அத்தான். அக்கா புருஷன்.

"என்ன மச்சினி, ஒண்ணு சொல்லணும். ஆனா திட்டக் கூடாது."

"அப்புறம் சொல்லுங்க அத்தான். பக்கெட்டுல உக்காந்திருக்கேன்."

"ஓ, சரி சரி. குளிச்சிட்டே கூப்பிடு. தலையை நல்லா துவட்டிக்கோ, உனக்குத்தான் உடனே சளி பிடிச்சிக்குமே—"

கட் செய்தாள்.

அத்தான் எதற்குக் கூப்பிடுவார் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு ஆரஞ்சுத் தோட்டம். இதே வேரழுகல் அதையும் தின்றுகொண்டிருந்தது. வேறு கன்று நடுங்கள் என்று ஊரே சொல்லியும் அக்கா கேட்கவில்லை. என் தங்கச்சி கன்று வரட்டும், அதுவரைக்கும் நிலம் சும்மா கிடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். கன்று எப்போது என்று அத்தான் வாரம் தவறாமல் கேட்பார். அந்தத் தோட்டத்தை அவள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்க முடியாது என்பது வேறு. நோய் மண்ணை மிதித்த கால் வேறு தோட்டத்தை மிதிக்கக் கூடாது என்று நிலையத்தில் சட்டம் போட்டதே அவள்தான். "ஊருக்கெல்லாம் டாக்டர், கூடப் பொறந்தவ வீட்டு வரப்பை மட்டும் மிதிக்க மாட்டா" என்று அக்கா பார்க்கும்போதெல்லாம் குத்துவாள்.

டைரக்டர் வந்தார். குடை, கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் ஷூவின் மேல் பாலிதீன் உறை.

"இது என்ன கோலம்? இறங்குங்க."

"நீங்க மெஷினை நிறுத்தச் சொல்லுங்க, இறங்கறேன்."

"பக்கத்து நர்சரியில இருந்து எத்தனை புகார் வந்திருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? நோய் மண்ணை எதுக்கு வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாங்க. சுரண்டி எடுத்துட்டு, மேல கான்கிரீட் போட்டு, வண்டி நிறுத்த ஒரு ஷெட். மேலிடத்துல ஒப்புதல் ஆயாச்சு."

"திங்கட்கிழமைன்னு ஒப்புதல். நாளைக்கும் நாளன்னிக்கும் உக்காந்து பக்குவமா ஒண்டியோட வேரை எடுக்கலாம்னு இருந்தேன் சார்."

"ஒரே ஒரு மரத்துக்காகவா இவ்வளவு கலாட்டா?"

"அந்த ஒரே ஒரு மரத்துக்காகத்தான் சார் மத்தது எல்லாம் செத்துச்சு."

"இதுக்கு நகல் செடி கண்ணாடிக் கூடத்துல இருக்கணுமே?"

அவள் அவரையே பார்த்தாள். மெஷின்காரர்கூடப் பார்த்தார், விஷயம் புரியாமலே.

"இருந்துச்சு சார். போன கோடையில மின்சாரம் மிச்சம் பண்ணணும்னு கூடத்து ஃபேனை நிறுத்தச் சொன்னீங்களே. ஒவ்வொரு வேர்ச்செடிக்கும் ஒரு நகல் வெச்சிருந்தேன். எல்லாம் அப்பளமாயிடுச்சு."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் குற்ற உணர்ச்சி வந்தால் கண்ணாடி சுத்தமாகும்.

"சரி. சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும் டைம். அதுக்கப்புறம் நீங்க பக்கெட்டுல உக்காந்தாலும் சரி, புகைக்குழாய்ல உக்காந்தாலும் சரி, வேலை நடக்கும்." திரும்பி நடந்தவர், செத்த மரங்களின் வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "என்ன வரிசை. ஒரு ஒட்டாவது ஏறி இறங்கியிருக்கா? நூல் பிடிச்ச மாதிரி."

நூல் பிடித்தது அவர்தான். அப்போது துணை டைரக்டர். எல்லா ஒட்டும் முழங்கால் உயரத்தில் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று கயிறு கட்டி, குனிந்து குனிந்து பார்த்த ஆள். மரம் பிழைக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் பக்கெட்டிலிருந்து குதித்தாள். "ஒட்டு மாஸ்டர் எங்கே?"

ஒட்டு மாஸ்டர் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ரொம்ப மெதுவாக வந்தார். இந்த நிலத்தில் ஒவ்வொரு ஒட்டையும் போட்டவர் அவர். கத்தியை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவார் என்பார்கள். சில சமயம் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு போடுகிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம் உண்டு.

"மண்வெட்டி எடுங்க மாஸ்டர். பக்கவாட்டுல பள்ளம் எடுக்கணும். விரல் தடிமனுக்கு நாலஞ்சு வேர்த் துண்டு கிடைச்சாப் போதும். கழுவிட்டுச் சுத்தமான மணல்ல வெச்சா முளை விடும்."

"இடுப்பு பிடிச்சிருக்கு மேடம்."

"எப்பலேருந்து?"

அவர் யோசித்தார். "இப்பத்தான்."

"கடப்பாரையைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு வந்தீங்களே காலையில."

"அதனாலதான் பிடிச்சிருக்கும்."

அவள் மண்வெட்டியைத் தானே பிடுங்கிக்கொண்டாள். ஒண்டியின் அடியில் இவ்வளவு வருஷமாக யாரும் மண்ணைத் தொட்டதில்லை. 'தொடாதே' என்று பலகையே வைத்திருந்தாள். சோதனை முடியும்வரை அடிமண்ணைக் கிளறினால் கணக்கு கெட்டுவிடும். அந்தப் பலகைதான் முதலில் பள்ளத்தின் குறுக்கே வந்தது. பிடுங்கி எறிந்தாள்.

"அடியிலேருந்து ஒரே ஒரு முளை விட்டிருந்தா நான் இப்படித் தோண்டவே வேண்டாம் மாஸ்டர். அதை வெட்டி நட்டிருப்பேன். மேலே தெரியற தண்டுல பட்டை கிழடு தட்டிப் போச்சு, அதுல ஒண்ணும் வராது. இந்த மரம் முளையே விடலையா?"

"விட்டுச்சு மேடம்."

"எங்கே?"

"வெட்டிட்டேன். வாரா வாரம் வெட்டிடுவேன். சுத்தமா இருக்கட்டும்னு."

"செத்த மரத்துக்குக் கீழே ஆள் உயரப் புல். அதை விட்டுட்டு இந்த முளையை மட்டும் வாரா வாரம் தேடி வந்து வெட்டியிருக்கீங்க."

ஒட்டு மாஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

போன். அத்தான்.

"மச்சினி, குளிச்சாச்சா?"

"அத்தான், நான் மண்ணுக்குள்ள இருக்கேன்."

"என்னது? வழுக்கி விழுந்துட்டியா? பாத்ரூம்ல ரப்பர் பாய் போடுன்னு அக்கா எத்தனை தடவை—"

"என்ன வேணும் உங்களுக்கு?"

"நம்ம தோட்டத்து வேலியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இன்னிக்குத் தோட்டத்துல செத்த மரத்தையெல்லாம் எடுக்கறோம். இனிமே பார்த்துப் புண்ணியமில்லன்னு உங்க அக்காவே ஒத்துக்கிட்டா. அதோட சேர்த்து வேலியையும் எடுத்துடலாமான்னு—"

"எடுங்க. விடுங்க. நட்டு வெச்சுக் கும்பிடுங்க. உங்க வேலிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? தயவுசெஞ்சு இன்னிக்கு ஒருநாள் என்னை விடுங்க."

"எடுத்துடவா அப்போ?"

"எடுங்க அத்தான்."

கட். போனைப் பள்ளத்து விளிம்பில் வீசினாள். மெஷின்காரர் அதை எடுத்துத் தூசி தட்டித் தன் சீட்டில் வைத்தார்.

மண் எதிர்பார்த்ததைவிட இளக்கமாக இருந்தது. மற்ற மரங்களைச் சுற்றித் தரை தட்டையாகக் கிடக்க, ஒண்டி மட்டும் சின்ன மேட்டில் நின்றது. இத்தனை நாளாக அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினாள். முதல் வேர் விரலில் தட்டியது. வெள்ளை. கெட்டி. கீறினால் பச்சை வாசனை. அழுகலின் நிழல்கூட இல்லை. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"பாத்தீங்களா மாஸ்டர்? இந்த மண்ணுல இப்படி ஒரு வேர்."

ஒட்டு மாஸ்டர் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இன்னும் கீழே போனாள். அங்கே கை புதைந்தது. புளித்த நாற்றம் முகத்தில் அறைந்தது. இழுத்தால் கையோடு உரிந்து வந்த கறுப்புத் தோல். எல்லாச் செத்த மரங்களின் அடியிலும் அவள் பார்த்த அதே கறுப்பு. மேலே வெள்ளை வேர், கீழே செத்த வேர், ஒரே தண்டில். இது எப்படி?

தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துத் தண்டைக் கழுவினாள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒரு முடிச்சு. விரலால் தடவிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. ஒட்டு.

நிமிர்ந்து பார்த்தாள். முழங்கால் உயரத்தில், நூல் பிடித்த வரிசையில், டைரக்டருக்குப் பிடித்த அந்த ஒட்டு அங்கேயேதான் இருந்தது.

ஒரு மரத்துக்கு ஒரு ஒட்டு. இதற்கு இரண்டு.

"மாஸ்டர்."

"மேடம்."

"மேலே இருக்கறது பழத்துக்கு வெச்ச ரகம். அடியில அழுகிக் கிடக்கறது என்னோட வேர்ச்செடி. நடுவுல வெள்ளை வேர் விட்டுக்கிட்டு நிக்கற இந்த மூணாவது ஆசாமி யாரு?"

இடுப்பு வலி சட்டென்று குணமாகிவிட்டது போல ஒட்டு மாஸ்டர் பள்ளத்தின் விளிம்பில் குந்தினார்.

"சொன்னா கோவிச்சுப்பீங்க."

"கோவிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லுங்க."

"நட்ட புதுசுல ஒரு முயல் வந்து உங்க வேர்ச்செடியைக் கடிச்சிடுச்சு மேடம். சாண் உயரம்கூட மிஞ்சலை. அன்னிக்குப் பார்த்து சார் கயிறு கட்டிக்கிட்டு வந்து நிக்கறார். கீழே ஒட்டுப் போட்டா நூலுக்கு நிக்காது. பிடுங்கிட்டா வரிசையில பல்லு போன மாதிரி இருக்கும். அதான் நடுவுல ஒரு துண்டு வெச்சு உயரத்தை ஏத்தினேன். அதுக்கு மேல நம்ம ரகத்தை ஒட்டினேன். ரெண்டு முடிச்சு தெரிஞ்சா நீங்க கேப்பீங்கன்னு, கீழ் முடிச்சு மறையற அளவுக்கு மண்ணை அணைச்சு விட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். மண்ணில் புதைந்த நடுத்துண்டு தானாக வேர் விட்டிருக்கிறது. கீழே அவள் செய்த வேர்ச்செடி மற்ற எல்லாவற்றையும் போல அழுகிச் செத்திருக்கிறது. அது செத்தது தெரியாமல், அதன் பெயரால் இவள் கருத்தரங்குகளில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எது அந்தத் துண்டு? எந்தச் செடி?"

"கையில கிடைச்சதுதான்..."

கழுவிய தண்டில், வெள்ளை வேருக்குச் சற்று மேலே, வெட்டுப்பட்ட ஒரு காயத்தின் ஓரத்தில் வெளிறிய முளை ஒன்று எட்டிப் பார்த்தது. இந்த வாரத்து முளை. மாஸ்டரின் கத்திக்கு இன்னும் சிக்காதது. அவள் மண்ணைத் துடைக்க விரலை வைத்தாள். சுருக்கென்றது. விரல் நுனியில் ரத்தப் பொட்டு.

முள்.

ரத்தத்தை உதறிவிட்டு நிமிர்ந்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. மெஷின்காரர் அதைக் கேட்டு இரண்டு அடி தள்ளி நின்றார்.

"நான் கொளுத்தச் சொன்ன கட்டுலேருந்து எடுத்தீங்க."

"நல்ல வாட்டமா இருந்துச்சு மேடம். முள்ளைச் சீவிட்டுத்தான் வெச்சேன். அப்புறம் முளை வந்தா முள்ளோட வருது. நீங்க பார்த்துட்டா..."

"அதனால வாரா வாரம் வெட்டினீங்க."

"சுத்தமா இருக்கட்டும்னு."

ஏழு வருஷம். நோயைத் தாங்குகிறதா என்று முள் கன்றுகளில் ஒன்றைக்கூட அவள் சோதித்துப் பார்க்கவில்லை. முள்ளைக் கண்டதும் கழித்துவிட்டாள். தாங்கும் சக்தி முள்ளோடு ஒட்டிக்கொண்டு வரும் என்று தோன்றவே இல்லை. வழவழப்பான அத்தனையையும் கண்ணும் கருத்துமாக நட்டு, தண்ணீர் ஊற்றி, வரிசையாகச் சாகக் கொடுத்திருக்கிறாள். யார் மேல் கோபப்படுவது என்று பார்த்தாள். முயல், கயிறு, மாஸ்டர், டைரக்டர், நர்சரிக்காரர்களின் மென்மையான கைகள். சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்தக் கட்டுல மிச்சம் ஏதாவது இருக்கா மாஸ்டர்?"

"கொளுத்தச் சொன்னீங்களே."

"சொன்னேன். கொளுத்தினீங்களா?"

"மேடம், மணி அடிக்கப் போகுது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

மணி அடித்தது. ஒரு மனுஷனுக்காக அது இவ்வளவு சரியாக அடித்ததை அவள் பார்த்ததில்லை. ஒட்டு மாஸ்டர் எழுந்து சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்து நடந்தார், இடுப்பைப் பிடிக்க மறந்து.

இன்ஜின் உறுமியது. அவள் முளையோடு சேர்த்து நடுத்துண்டை ரம்பத்தால் அறுத்து எடுத்தாள். வெள்ளை வேர்களில் நாலைந்தை வெட்டினாள். ஈரச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நகர்ந்தாள். பக்கெட் இறங்கியது. ஒண்டி ஒரே இழுப்பில் சாய்ந்தது.

"வரட்டுமா மேடம்?" எல்லாவற்றையும் வாரி முடித்துவிட்டு, மருந்துத் தொட்டியில் சக்கரத்தை நனைத்துக் கழுவிவிட்டு, மெஷின்காரர் அவள் போனை நீட்டினார். "அடுத்த தோட்டத்துலயாவது பக்கெட்டுல யாரும் ஏறாம இருக்கணும்."

பிற்பகல் முழுக்க ஆய்வகத்தில் வேரைக் கழுவினாள், துண்டு போட்டாள், மணலில் வைத்தாள். கை வேலை செய்துகொண்டே இருந்தது. மனசு கணக்குப் போட்டு அலுத்தது. இருப்பது ஒரே ஒரு கன்றின் ஒரு துண்டு. பிழைத்தாலும் பெருக்கி எடுக்கப் பல வருஷம். பிழைத்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. ஒரு மரம் நின்றதைத் தற்செயல் என்பார்கள். அவளே அப்படித்தான் சொல்வாள். அதன் கூடப்பிறந்த முள் கன்றுகள் கொஞ்சமாவது இருந்து, இன்னொரு நோய் மண்ணில் நட்டு, வருஷக் கணக்கில் செழிப்பாக நின்று காட்டியிருந்தால் அதுதான் சாட்சி. அந்தக் கூடப்பிறந்தவை சாம்பலாகி ஏழு வருஷம். அக்காவிடம் என்ன சொல்வது? இன்னும் ஏழு வருஷம் சும்மா உட்கார் என்றா?

போன் மேஜையில் அதிர்ந்தது. அத்தான். எடுக்க மனமில்லை. தொட்டி கழுவுகிற சாக்கில் கதவோரம் நின்றிருந்த ஒட்டு மாஸ்டர் திரையில் தெரிந்த பெயரைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அதை எடுங்க மேடம்."

"எதுக்கு?"

"எடுங்க. அவர் சொல்லிட்டா நான் சொல்ல வேண்டியதில்ல."

எடுத்தாள்.

"மச்சினி, இன்னும் பக்கெட்டுலதானா?"

"இல்ல. சொல்லுங்க."

இந்தப் பதிலுக்கு அவர் தயாராக இல்லை. பின்னால் எங்கேயோ ஒரு இன்ஜின் உறுமி அடங்கியது.

"திட்ட மாட்டியே?"

"தெம்பு இல்ல அத்தான்."

"செத்த மரத்தையெல்லாம் எடுத்தாச்சு. மெஷின் இப்போ வேலிக்கு முன்னாடி நிக்குது. நீதான் எடுக்கச் சொல்லிட்டியே. ஆனா உங்க அக்கா விட மாட்டேங்கறா. தோட்டத்துல ஒரு இலை மிஞ்சலை, வேலி மட்டும் கருகருன்னு தழைச்சு நிக்குது, அதே மண்ணு, அதே தண்ணி, என் தங்கச்சி வந்து பார்க்கற வரைக்கும் எவனும் தொடக் கூடாதுன்னு பக்கெட்டுல ஏறி உக்காந்துட்டா. மெஷின்காரர் தலையில கையை வெச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருக்கார். உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு இது பரம்பரையான்னு கேக்கறார்."

அவள் ஈரக் கையோடு மாஸ்டர் பக்கம் திரும்பினாள். ஒட்டு மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"அது என்ன வேலி அத்தான்?"

"முள்ளு வேலி."

"என்ன முள்ளு?"

"அதைத்தானே காலையிலேருந்து சொல்ல வரேன். உங்க அக்காகிட்டகூட இதுநாள்வரைக்கும் சொன்னதில்ல. நர்சரியில வாங்கினேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." அத்தானின் குரல் இறங்கியது. "மாஸ்டரைத் திட்டாதே, நான்தான் கெஞ்சினேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி உன்னைப் பார்க்க வந்தப்போ கட்டுக் கட்டாக் கிடந்துச்சு, நெருப்பு வைக்கப் போனார். வேலிக்கு ஆகுமேன்னு வேன்ல ஏத்திட்டு வந்துட்டேன். வரப்பு முழுக்க, நாலு பக்கமும், நீ கொளுத்தச் சொன்ன கன்றுதான் மச்சினி."